கயிறு பிடித்தவன் பங்கு

நெட்டுக்குப்பம் கரையில் பெரிய வலை இழுத்த நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது ஊரில் சிலர்தான் இருக்கிறோம். என் நைனா அந்த வலையில் ஒரு பக்கக் கயிற்றுக்குப் பொறுப்பு. படகு ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டே போய், மறு கயிற்றோடு திரும்பி வரும். அப்புறம் இரண்டு பக்கமும் முப்பது, நாற்பது பேர் நின்று இழுக்க வேண்டும். இரண்டு மணி நேரமும் ஆகும், மூன்று மணி நேரமும் ஆகும். வலையில் மீன் சேரும் பையான மடி கரையேறியதும் மீனைப் பிரிப்பார்கள். வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு கணக்கும் உண்டு. கயிற்றைக் கையால் தொட்டவன் யாராக இருந்தாலும் வெறுங்கையோடு போகக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் கடைசியில் நின்று ஐந்து நிமிடம் பிடித்திருப்பான். இழுக்கத் தெம்பில்லாத கிழவர் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்திருப்பார். அவர்களுக்கும் ஒரு கை மீன் உண்டு. நைனா பங்கு பிரிக்கும்போது அதை முதலில் எடுத்து வைப்பார்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு நாள் நைனா காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறொருவர் பங்கு பிரித்தார். மீன்பாடு சரியில்லாத நாள், அவருக்கு எரிச்சல். வரிசையின் கடைசியில் ஒரு கிழவர் துண்டை விரித்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஊசித் தாத்தா என்று கூப்பிடுவோம். "கயித்தத் தொட்டுட்டுப் பங்கு கேக்க வந்துட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார் அந்த மனிதர். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அவர் ஏன் ஊசித் தாத்தா? மத்தியானம் எல்லோரும் படுத்துத் தூங்கும் நேரத்தில், பூவரச மரத்தடியில் வலையை மடியில் போட்டுக்கொண்டு கிழிந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருப்பவர் அவர்தான். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை, கூலியும் கிடையாது. நண்டு கடித்த இடம், கல்லில் மாட்டிய இடம் எல்லாவற்றையும் விரலால் தடவியே கண்டுபிடிப்பார். மறுநாளிலிருந்து அவர் மரத்தடிக்கு வரவில்லை. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. பத்து நாள் போனது. ஒரு காலை மடி கரைக்கு வந்தபோது அடிப்பக்கம் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. நாற்பது பேர் மூன்று மணி நேரம் இழுத்தது தண்ணீரோடு போயிற்று.

அன்று சாயங்காலம் நைனா என்னையும் கூட்டிக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்தார். மீனைப் பற்றியோ அந்த மனிதர் பேசிய பேச்சைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "மாமா, மடிப்பக்கம் ஒரு கிழிசல். நானும் பின்னிப் பாத்தேன், கண்ணி சேர மாட்டேங்குது. நீ வந்து காட்டு" என்றார். தாத்தா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஊசியை எடுத்து வந்தார்.

எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. கடலுக்குப் போகவில்லை. அச்சு வேலை கற்றுக்கொண்டு, பிறகு கணினி கற்றுக்கொண்டு, 1996-இல் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடை வைத்தேன். கல்யாணப் பத்திரிகை, தொழிற்சங்க நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பு, மீனவர் கூட்டுறவுச் சங்கத்து ரசீதுப் புத்தகம் எல்லாம் அந்தக் கடையில் செய்ததுதான். அந்தக் கடையில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் ஊசித் தாத்தாவை நான் பல தடவை நினைத்துக்கொண்டேன். கணினிக்குள்ளும் அவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிய வந்தது.

அந்தக் காலத்தில் தமிழில் தட்டச்சு செய்வது பெரும்பாடு. ஒவ்வொரு எழுத்துரு விற்பவரும் தனக்குத் தோன்றிய இடத்தில் எழுத்துகளை வைத்திருப்பார். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றினால் பத்திரிகை முழுவதும் குப்பையாகிவிடும். 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்து, தமிழ்99 விசைப்பலகை பொதுவாக அறிவிக்கப்பட்டபோது நான் வெகு சந்தோஷப்பட்டேன். ஆனால் அதை ஒவ்வொரு கணினியிலும் கொண்டுவந்து சேர்த்தது யார்? முகுந்தராஜும் 'தமிழா' குழுவினரும் எ-கலப்பை என்ற ஒரு சின்ன மென்பொருளை உருவாக்கி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஒரு வாடிக்கையாளரின் மகன் அதைக் குறுந்தட்டில் கொண்டுவந்து என் கடைக் கணினியில் போட்டுக் கொடுத்தான். "எவ்ளோ?" என்று கேட்டேன். "காசில்லண்ணா" என்றான். நம்பவே முடியவில்லை. யாரோ ஒருவர் இரவு விழித்து எழுதியது என் கடைக்குள் வந்து, என் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி செய்துகொண்டிருந்தது.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று அந்தப் பையன்தான் விளக்கினான். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் அது. மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், அதன் மூலத்தைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அப்படி வளர்ந்ததுதான். இன்று உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியிலும், வங்கியின் பெரிய கணினிகளிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு உடனே கரையோரம் ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் பொதுவான வலை. இழுப்பவர்கள் பலர். அப்படியானால் பின்னுகிறவர் யார் என்றுதான் மனம் கேட்டது.

கொஞ்ச வருடம் கழித்து நானும் ஊசி எடுத்தேன். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் தமிழ் தெரியும். இருபது வருடம் எழுத்துப் பிழை திருத்திய கண் இருந்தது. ஒரு கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். பட்டியலில் இருந்த ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் நேராகத் தமிழ் எழுத வேண்டும். கோப்பு, திற, சேமி, அச்சிடு, வெட்டு, ஒட்டு. கடையை மூடிவிட்டு இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை உட்காருவேன். ஒன்றரை மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் வரிகள் முடித்து அனுப்பினேன். சிக்கலான இடங்களும் இருந்தன. கோப்புகளை வைக்கும் இடத்தைக் 'கோப்புறை' என்பதா, 'அடைவு' என்பதா? திரையில் துடிக்கும் அந்தக் கோட்டுக்கு என்ன பெயர்? எங்கள் கடையில் வேலை பார்த்த பெண்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பொறுப்பில் இருந்தவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். கலைச்சொல் தெரியாதவர்கள் இதில் கைவைக்க வேண்டாம் என்பது அதன் சாரம். எது தப்பு என்று இல்லை. எந்த வரி என்று இல்லை. அதைப் பலர் பார்க்கிற இடத்தில் எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு முன்னால் சேர்ந்த இருவரும் அதே மாதிரி சத்தமில்லாமல் விலகிவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தத் தமிழாக்கம் பாதியில் நின்று, சில திரைகள் தமிழிலும் சில ஆங்கிலத்திலுமாக, பார்ப்பவர்கள் தலையைச் சொறிகிற நிலையில் பல வருடம் கிடந்தது.

ஒரு பொதுத் திட்டம் சாகிற விதம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெரிய சண்டை நடந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறவர்கள் குறைவு. சொல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் போனது பத்து நாளைக்குத் தெரியாது.

என்னைத் திரும்பக் கொண்டுவந்தவர் வேறொரு திட்டத்தில் இருந்த ஒரு இளைஞர். வயது முப்பதுகூட இருக்காது. நான் சோதனையாக முப்பது வரி அனுப்பியிருந்தேன். அவர் ஏழு இடத்தில் திருத்தம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதி, இந்த மூன்றும் நான் எழுதியதைவிட நன்றாக இருக்கின்றன என்று மூன்று வரியைத் தனியாகக் குறித்திருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் கடையில் தட்டச்சு செய்பவர்கள் இதற்கு என்ன சொல் புழங்குகிறார்கள் ஐயா? நைனா திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்விதான் அது. எனக்குத் தெரிந்ததைக் கேட்டார். அந்தத் திட்டத்துக்கு நான் ஆறு வருடம் வேலை செய்தேன்.

திருத்தம் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தப்பைத் தப்பு என்று சொல்லாத ஊரில் வலை ஒரு மாதம்கூடத் தாங்காது. ஏழு திருத்தமும் எனக்கு நன்மைதான். அந்த ஒற்றை வரி திருத்தமே அல்ல, துரத்தல். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், கடுமையாகப் பேசினால்தான் தரம் நிற்கும் என்று நம்புகிறவர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸே பல வருடம் அப்படித்தான் எழுதி வந்தார். சக நிரலர்களை அவர் திட்டிய திட்டு அந்தத் தொழிலில் பேர்போனது. 2018 செப்டம்பரில் அவரே தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் விலகி இருந்து, மற்றவர்களின் மனதைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போவதாக வெளிப்படையாக எழுதினார். அந்தத் திட்டம் நடத்தை விதிகளையும் ஏற்றுக்கொண்டது. ஒரு மாதத்தில் அவர் திரும்பி வந்தார். லினக்ஸின் தரம் குறைந்துவிடவில்லை. ஐம்பது வயதைத் தொடப் போகும் நேரத்தில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

இதுவரை சொன்னது, பொறுப்பில் இருப்பவர் புதிதாக வருபவரை நடத்துவது. அதைவிட அதிகம் நடப்பது இன்னொன்று. பயன்படுத்துகிற நாம் பின்னுகிறவரை நடத்துவது. அதற்கு ஒரு கதை இருக்கிறது. 2024-இல் நடந்தது. என் வாழ்நாளில் கேட்ட கதைகளில் என்னை மிகவும் உலுக்கியது அது.

எக்ஸ்.இசட். என்று ஒரு சின்ன மென்பொருள். பெரிய கோப்பைச் சுருக்கிச் சின்னதாக்கும் வேலை அதற்கு. விரித்துக் கிடக்கும் வலையை மடித்து மூட்டையாகக் கட்டுவோமே, அந்த மாதிரி. யாரும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உலகின் லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. அதைப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின். அதுவும் தனியாக, சம்பளம் இல்லாமல், வருடக் கணக்காக. உலகத்துப் பெரிய நிறுவனங்களெல்லாம் அந்த மூட்டைக் கயிற்றை நம்பி இருந்தன. கயிறு முறுக்குகிறவர் ஒருத்தர்தான்.

2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பினார். பணிவாக, பொறுமையாக, ஒழுங்காக. 2022-இல் வேறு சில பெயர்கள் முளைத்தன. அவர்கள் திருத்தம் எதுவும் அனுப்பவில்லை. ஏன் இவ்வளவு தாமதம், உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஒருவரிடம் ஒப்படைத்தால் என்ன என்று மாறி மாறி நெருக்கினார்கள். காலின் அதற்கு எழுதிய பதிலின் சாரத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆர்வம் போகவில்லை, நெடுநாளாக மனநலம் சரியில்லாததால் முன்போல் கவனிக்க முடியவில்லை, தவிர இது ஊதியமில்லாமல் செய்கிற வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்ற கருத்தில் எழுதியிருந்தார். ஒரு மனிதன் பொதுவில் இவ்வளவு சொன்ன பிறகும் நெருக்கடி நிற்கவில்லை. கடைசியில், கூடமாட நின்ற ஜியா டானுக்கே பொறுப்பில் பாதியைக் கொடுத்தார்.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த பதிப்புகளில், யார் கண்ணுக்கும் படாத மாதிரி ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கதவு மட்டும் உலகம் முழுக்கப் பரவியிருந்தால், தூரத்தில் இருந்துகொண்டு எத்தனையோ கணினிகளுக்குள் நுழைந்திருக்கலாம். மார்ச் 29 அன்று அதை வெளிக்கொண்டு வந்தவர் ஆண்ட்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தன் சோதனைக் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. அந்த அரை நொடியை விடாமல் துருவிப் போனார். பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்குள் தடுத்துவிட்டார்கள். நெருக்கிய பெயர்கள் போலி என்றே ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

இதைத் தொழில்நுட்பச் சதி என்று எழுதினார்கள். சரிதான். ஆனால் என் கண்ணுக்குப் பட்டது வேறு. திருடன் உள்ளே வருவதற்குப் பூட்டை உடைக்கவில்லை. களைத்துப்போன ஒரு மனிதனிடம் கனிவாகப் பேசினான், அவ்வளவுதான். அத்தனை வருடத்தில் நல்ல மனதோடு வந்து தொடர்ந்து தோள் கொடுத்தவர்கள் இரண்டு பேர் இருந்திருந்தால் அந்தக் கனிவு அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது. போலிப் பெயர்களில் வந்த அந்தக் கடுமையான கேள்விகளும் யாருக்கும் சந்தேகத்தைத் தரவில்லை. உண்மையான பயனர்களும் நாள்தோறும் அப்படித்தான் கேட்கிறார்கள்! நாம் பேசுகிற பேச்சே திருடனுக்கு வேடமாகப் பொருந்தியது.

இது முதல் தடவையும் இல்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை தெரிய வந்தது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லையெல்லாம் மறைத்துக் கொண்டுபோகும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த பிழை அது. பிழை அம்பலமான பிறகுதான் உலகம் எட்டிப் பார்த்தது. முழுநேரமாக அதில் வேலை செய்தவர் ஒருவரே. வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். மடி கிழிந்த பிறகு கரையில் கூடிய கூட்டம் மாதிரி, அப்புறம் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டன.

பணம் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. பின்னுகிறவருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும். ஆனால் பணம் மட்டும் கொடுத்து மரியாதை கொடுக்காத இடத்திலும் ஆள் நிற்பதில்லை. பைத்தான் மொழியை உருவாக்கி முப்பது வருடத்துக்குக் கிட்ட வழிநடத்திய கீடோ வான் ரோசம், 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பை விட்டு இறங்கினார். ஒரே ஒரு சின்ன மாற்றத்துக்காக நடந்த வாக்குவாதத்தில் மனம் அலுத்துப்போய்விட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த மாற்றம் ஏற்கப்பட்டுவிட்டது. அவர் பக்கம் ஜெயித்த பிறகுதான் விலகினார். வாக்குவாதத்தில் தோற்றவர்தான் புண்படுவார் என்று யார் சொன்னது?

நம் தமிழுக்கு வருகிறேன். அதிராம்பட்டினத்துக்காரர் உமர்தம்பி. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) வந்த தொடக்கக் காலத்தில், எழுத்துரு இல்லாத கணினியிலும் தமிழ் தெரியும்படி 'தேனீ' எழுத்துருவை உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இணையத்தில் தமிழ் படித்த அந்தக் காலத்து வாசகர் பலரும் அவர் செய்த எழுத்தில்தான் படித்தார்கள், பெயர் தெரியாமலே. 2006-இல் அவர் காலமானார். 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஒரு அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். வைத்தது நல்லது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, அவர் இருந்தபோது ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. நானும் அந்த எழுத்துருவைப் பயன்படுத்தியவன். நான் எழுதவில்லை.

நல்ல மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா மென்பொருள் அல்ல, கலைக்களஞ்சியம். ஆனால் அதுவும் இதே மாதிரி பொது வலைதான். யாழ்ப்பாணத்துக்காரரான மயூரநாதன் அபுதாபியில் வேலை பார்த்துக்கொண்டே முதல் வருடம் ஏறக்குறையத் தனியாளாக அதை இழுத்தார். அப்புறம் வந்தவர்கள் சேரச் சேர, புதிதாக ஒருவர் பெயர் பதிந்தால் 'வாருங்கள்' என்று தொடங்கும் வரவேற்பு அவருடைய பக்கத்தில் வந்து நிற்கும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கும் அப்படி ஒரு 'வாருங்கள்' வந்தது. வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது மாதிரி இருந்தது. மயூரநாதனுக்கு 2015-ஆம் ஆண்டின் இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் கொடுத்தது. அவர் இருக்கும்போதே கொடுத்தார்கள்.

சென்னையிலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல வருடம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடி வந்தது. ஒரு தடவை திருவொற்றியூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போனேன். எல்லோரும் பேரன் வயதுப் பிள்ளைகள். எனக்கு வந்த சந்தேகம் மிகச் சாதாரணமானது. அச்சு இயந்திரத்தை லினக்ஸில் எப்படிச் சேர்ப்பது? இதுகூடத் தெரியாதா என்று ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பையன் கூட்டம் முடிந்த பிறகும் உட்கார்ந்து தாளில் எழுதிக் கொடுத்தான். கணியம் என்று 2012-இல் சீனிவாசன் தொடங்கிய மின்னிதழும் அந்தக் குணத்தோடு வந்ததுதான். ஆங்கிலம் தடுக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைத் தமிழில் சொல்லிக் கொடுத்தது. எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் நாலு பேருக்கு அதை நான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் ஆறு கண்ணுக்கு முன்னால் வருகிறது. கொசஸ்தலை ஆறும் முகத்துவாரமும் எத்தனையோ பேருக்குப் பயன்பட்டன. சாம்பல் கொட்டியவர்கள், சுடுதண்ணீர் விட்டவர்கள், கப்பல் கொண்டுவந்தவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கக் கறுப்பாகப் படிந்தபோது, படகில் ஏறி வாளியாலும் கையாலும் அள்ளியவர்கள் எங்கள் பிள்ளைகள். அலையாத்திச் செடிகளின் வேர்வரை கறுப்பு. வாரக்கணக்கில் அவர்கள் நகக்கண்ணில் அது இருந்தது. பொதுவானது என்று சொல்லிக்கொள்வது சுலபம். அது அழுக்கானால் இறங்குகிற கை யாருடையது என்று பார்த்தால் ஊரின் நிஜம் தெரியும்.

போன மாதம் என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். போனில் ஒரு கட்டற்ற தமிழ் விசைப்பலகை வைத்திருக்கிறான். அதில் 'க்ஷ' அடித்தால் எழுத்து உடைந்து வருகிறது. கோபத்தில் அதை உருவாக்கியவருக்கு எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். 'இதுகூட வேலை செய்யல, எப்பத்தான் சரி பண்ணுவீங்க' என்று இருந்தது.

"இரு, அனுப்பாத" என்றேன்.

"ஏன் தாத்தா, நெஜமாவே வேல செய்யலியே."

"செய்யலதான். அந்த ஆள் உங்கிட்ட காசு வாங்குனாரா?"

யோசித்தான். "இல்ல."

"எத்தினி நாளா இதுல அடிக்கிற?"

"ரெண்டு வருசமா."

"அத மொதல்ல எழுது."

திண்ணையில் உட்கார்ந்து இருவரும் புதிதாக எழுதினோம். இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன், கல்லூரிக் குறிப்பெல்லாம் இதில்தான் எழுதுகிறேன், நன்றி. என் போன் இன்னது, அதன் பதிப்பு இன்னது. இந்த மூன்று விசையை இந்த வரிசையில் தட்டினால் இப்படி வருகிறது, இப்படி வர வேண்டும். படம் இணைத்திருக்கிறேன். அவசரமில்லை, சோதிக்க ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள். அந்தக் கடைசி வரியை நான் சொல்லவில்லை. அவனாகச் சேர்த்தான்.

நான்காம் நாள் பதில் வந்தது. உருவாக்கியவர் ஒரு பள்ளி ஆசிரியராம், இரவில்தான் நேரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தார். பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவரிடம் இருக்கும் போனில் அது தெரியவில்லையாம். திருத்திய பதிப்பை அனுப்பியிருக்கிறேன், வேறு எந்தெந்தக் கூட்டெழுத்து உடைகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா தம்பி என்று கேட்டிருந்தார்.

பையன் என்னிடம் போனை நீட்டிக் காட்டினான். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணை விளக்கின் கீழ் உட்கார்ந்தான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. க்ஷ, க்ஷா, ஸ்ரீ, ஜ்ஞ என்று ஒவ்வொன்றாகத் தட்டுவதும், உடைவதை நோட்டில் குறிப்பதுமாக இருந்தான். பதினொரு மணிக்குக் கடற்காற்று திரும்பியது. நான் உள்ளே போய்ப் படுத்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.